தத்துவம் எழுதச் சொன்னார்கள், எனக்கு ஒன்றும் வரவில்லை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டப்புற ஊர் ஒன்றிலிருந்து ஓர் ஆசிரியை நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், பள்ளி எதுவும் வெளிவரக் கூடாது என்று கேட்டிருப்பதால் சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 36. தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு வகுப்பாசிரியை. பிறந்து வளர்ந்தது அதே தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். அம்மா பால்மரம் வெட்டியவர். இப்போது ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்களில் இருந்தவர்கள் டவுனைச் சுற்றியுள்ள தாமான் குடியிருப்புகளுக்குப் போய்விட்டார்கள். பள்ளி மட்டும் செம்பனை மரங்களுக்கு நடுவே பழைய இடத்திலேயே இருக்கிறது. அறுபது சொச்சம் பிள்ளைகள் வேனில் வந்து படித்துப் போகிறார்கள்.

ஆசிரியை பகுதிநேரமாக முதுகலைப் பட்டம் படிக்கிறார். "உங்கள் சொந்தக் கல்வித் தத்துவத்தை மூன்று பக்கத்தில் எழுதுங்கள்" என்று விரிவுரையாளர் ஓர் இடுபணி கொடுத்தார். முதலில் தேசியக் கல்வித் தத்துவத்தையே தம் சொற்களில் எழுதிப் பார்த்து அழித்துவிட்டார். பிறகு இணையத்தில் ஒரு வினாப்பட்டியலை நிரப்பினார். அது அவரைப் புரோகிரெசிவிஸ்ட், அதாவது முன்னேற்றவாதி என்றது. "மறுநாள் காலையில் வாய்பாடு ஒப்பிக்கச் சொல்லிவிட்டு, சொல்வதெழுதுதல் கொடுத்துக்கொண்டிருந்தேன். நான் எழுதப்போவது பொய் என்று பட்டது" என்கிறார்.

கடிதத்தில் இன்னும் மூன்று பேர் வருகிறார்கள். ஒருவன் அவருடைய மாணவன். பாட்டியின் நாசி லெமாக் சோற்றுக் கடையில் நிற்கும்போது ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) நோட்டுக்கு மீதி எவ்வளவு என்று உடனே சொல்லிவிடுகிறான். வகுப்பில் ஒரு வரி வாசிக்கத் திணறுகிறான், கணிதத்தில் டிபி 2, அதாவது ஆறு அடைவுநிலைகளில் கீழிருந்து இரண்டாவது. இன்னொருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். "எங்கள் காலத்தில் பிரம்புதான் தத்துவம். அதில் அடிவாங்கித்தான் நீயும் டீச்சர் ஆனாய்" என்று சொல்லிவருகிறார். மூன்றாவது, ஆசிரியையின் மகள். அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டில் சேர வேண்டும். டவுனில் உள்ள சீனப்பள்ளியில் போடலாம் என்கிறார் கணவர். இவருக்கும் அதில் பாதி மனம் இருக்கிறது. "சொந்தப் பிள்ளையை நான் வேலை செய்யும் பள்ளியில் போடத் தயங்கும் எனக்கு என்ன தத்துவம் இருக்க முடியும்?" என்று கேட்கிறார். எழுதி முடித்தால் முகநூலில் போடலாமா என்பது கடைசிக் கேள்வி.

அன்புள்ள டீச்சர்,

தத்துவம் வரவில்லை என்று எழுதிய அதே கடிதத்தின் நடுவில், போகிற போக்கில் ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள். "திங்கட்கிழமை முதல் பாடத்தில் பத்து நிமிடம் புத்தகத்தைத் திறப்பதில்லை. சனி, ஞாயிறில் வீட்டில் என்ன நடந்தது என்று ஒரு பிள்ளை சொல்லும், மற்றவர்கள் கேட்பார்கள். நேரத்தை வீணாக்குகிறேன் என்று தெரியும். கல்வி இலாகாவிலிருந்து யாராவது வந்தால் அன்றைக்கு விட்டுவிடுவேன்."

யாரும் சொல்லாமல், கொஞ்சம் பயந்துகொண்டும்கூட, ஒன்றை ஆண்டுக்கணக்கில் விடாமல் செய்கிறீர்கள். அதன் பின்னால் ஒரு நம்பிக்கை இல்லாமல் இருக்காது. வீட்டில் நடந்ததை மனத்தில் அடக்கி வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையால் பாடம் கேட்க முடியாது என்பதா? பேசத் தெரிந்த பிள்ளைக்குத்தான் எழுத்து வரும் என்பதா? அடுத்தவர் பேச்சைப் பொறுமையாகக் கேட்கப் பழகுவதே ஒரு படிப்பு என்பதா? எது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்தை எழுதினால் இடுபணியின் முதல் பத்தி முடிந்தது.

இன்னொன்று. தமிழ்மொழிக் கலைத்திட்டத்தில் வாசிப்பு, எழுத்தைப் போலவே கேட்டல், பேச்சும் திறன்கள். அந்தப் பத்து நிமிடத்தை நாள்பாடத்திட்டத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். யார் வந்தாலும் நிறுத்த வேண்டியதில்லை.

தத்துவம் என்றால் முதலில் உள்ளே ஒரு கொள்கை தெளிவாகி, அப்புறம் அதன்படி வகுப்பு நடக்கும் என்று நினைத்திருக்கிறீர்கள். உங்கள் கடிதம் முழுக்க அந்த எதிர்பார்ப்பு தெரிகிறது. நான் சந்திக்கும் ஆசிரியர்களிடம் பெரும்பாலும் அது நேர்மாறாகத்தான் நடக்கிறது. நேரம் போதாத நாளில் எதை விடுகிறோம், எதை விடுவதில்லை, எந்தப் பிள்ளை பக்கத்தில் போய் நிற்கிறோம் என்ற முடிவுகள்தான் முன்னே வருகின்றன. அவற்றை எடுத்துப் படித்துப் பார்த்தால்தான் நாம் எதை நம்புகிறோம் என்பதே நமக்குத் தெரியவருகிறது.

பள்ளிகளும் அப்படித்தான். உங்கள் ஊர்ப் பள்ளி போன்றவை எப்படி வந்தன என்று யோசித்துப் பாருங்கள். அன்றைய கூட்டு மலாய் மாநிலங்களில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஒரு தோட்டத்தில் 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பேராக்கும் அந்த மாநிலங்களில் ஒன்று. பல தோட்டங்களில் ஒரே அறை, வேலையாட்களை மேய்க்கும் கங்காணியோ, கணக்கெழுதும் கிராணியோதான் வாத்தியார். கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்துகொண்டு பிள்ளை மறுபடியும் தோட்ட வேலைக்கே வந்துவிடும் என்பது நிர்வாகத்தின் கணக்கு. 'இது எங்கள் கல்வித் தத்துவம்' என்று யாரும் அதை எழுதிச் சுவரில் மாட்டவில்லை. ஆனாலும் பாடம் எத்தனை மணி நேரம், படிப்பு எத்தனை ஆண்டு என்பதையெல்லாம் அதுதான் முடிவு செய்தது. உங்கள் அம்மாவின் தலைமுறைவரை அதன் பலனை அனுபவித்திருக்கிறது. அதனால்தான் இந்த இடுபணியை மதிப்பெண்ணுக்கான வேலையாக மட்டும் பார்க்காதீர்கள் என்கிறேன். நீங்கள் எழுதாவிட்டாலும் உங்கள் வகுப்பில் யாரோ ஒருவருடைய தத்துவம் நடக்கத்தான் போகிறது.

தேசியக் கல்வித் தத்துவத்தை எழுதி அழித்ததும் நல்லதுதான். 1988இல் அறிவிக்கப்பட்டு 1996இல் திருத்தப்பட்ட அந்த வாசகம், அறிவு, ஆன்மிகம், உணர்வு, உடல் என்ற நான்கிலும் பிள்ளை சமநிலையாக வளர வேண்டும் என்கிறது. அதில் நீங்கள் மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் நாட்டுக்கான அந்த வாசகம், செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு உங்கள் வகுப்பில் எந்த மேசைக்கு முதலில் போவது என்று சொல்லாது. அதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

இசங்களை என்ன செய்வது?

பெரெனியலிசம், எசென்ஷியலிசம், புரோகிரெசிவிசம், எக்ஸிஸ்டென்ஷியலிசம் என்று கல்வித் தத்துவப் போக்குகளைப் பயிற்சிக் கழகத்தில் பாடமாகப் படித்திருப்பீர்கள். அவற்றில் ஏதாவது ஒன்றில் நீங்கள் அடங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. வாய்பாடு ஒப்பிக்க வைத்தால் முன்னேற்றவாதி என்ற பட்டம் பொய்யாகிவிடும் என்பதும் சரியல்ல. அந்தப் போக்குக்கு முன்னோடி என்று சொல்லப்படும் ஜான் டூயி 1896இல் சிகாகோவில் ஒரு பரிசோதனைப் பள்ளி நடத்தியவர். பிள்ளையின் அனுபவத்திலிருந்து பாடம் தொடங்க வேண்டும் என்றவர். அவரே 1938இல், பழைய முறையை எதிர்க்கிறோம் என்று ஒழுங்கையும் பாடப்பொருளையும் கைவிட்ட பள்ளிகளைக் கடிந்து எழுதினார்.

மாரியா மாண்டிசோரியைப் பாருங்கள். 1907இல் ரோமில், சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் தம் முதல் பள்ளியைத் திறந்தார். 1939இல் சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய வகுப்பில் ஒரு பிள்ளை ஒரே பொருளை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்து, தனக்குப் போதும் என்று படும்வரை திரும்பத் திரும்பச் செய்யும். பிள்ளையை மையமாக வைத்த அந்த முறையிலும் திரும்பச் செய்தல் இருந்தது.

ஆகவே வாய்பாட்டை விடாதீர்கள். இதை மட்டும் கவனியுங்கள்: எல்லாரும் சேர்ந்து ஒப்பிக்கும்போது யார் வாயை மட்டும் அசைக்கிறார்கள்? அந்த இரண்டு மூன்று பேருக்கு ஒப்பித்தல் எந்த விதத்தில் உதவுகிறது? இதற்குப் பதில் எழுத முடிந்தால், எந்த வினாப்பட்டியலும் தராத ஒன்று உங்கள் கையில் இருக்கும்.

பிரம்பு

ஓய்வுபெற்ற ஆசிரியர் சொல்வதற்கு உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. உங்களோடு ஆறாம் ஆண்டு படித்த பதினெட்டுப் பேரில் இடைநிலைப்பள்ளியில் படிவம் ஐந்தை முடித்தது ஐந்து பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். அதே பிரம்பு பதினெட்டுப் பேர் மேலும்தான் விழுந்தது. நீங்கள் ஆசிரியை ஆனதற்கு அது காரணம் என்றால், மற்றப் பதின்மூன்று பேர் படிப்பை விட்டதற்கு யார் பொறுப்பு? பெரியவரை அவமதிக்க வேண்டாம். அவரிடமே கேளுங்கள், அந்தக் காலத்தில் பிள்ளைகள் பள்ளிக்கு விரும்பி வந்த நாட்கள் எவை என்று. அடியைப் பற்றிப் பேசாமல், கதை சொன்னதையும், வராத பிள்ளையைத் தேடி லயத்துக்கு நடந்து போனதையும் அவர் சொல்லக்கூடும். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை அவைதான்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1959ஆம் ஆண்டுப் பள்ளிக் கட்டொழுங்கு விதிகளின்படி பெண் பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்கவே கூடாது. ஆண் பிள்ளைகளுக்கும் அந்த அதிகாரம் தலைமையாசிரியருக்கும் அவர் அதிகாரம் வழங்கியவருக்கும்தான். வகுப்பாசிரியர் தம் விருப்பத்துக்குக் கை ஓங்கினால் இலாகா நடவடிக்கையும் போலீஸ் புகாரும் வரலாம்.

கடையில் கணக்கு, வகுப்பில் டிபி 2

இந்தப் பையனைப் பற்றி நீங்கள் ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். வாசிக்கும்போதே தெரிகிறது, உங்களுக்குப் பிடித்த பிள்ளை. அவனைப் போன்றவர்களைப் பற்றி 1985இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரில், சந்தையில் பொருள் விற்கும் 9 முதல் 15 வயதுப் பிள்ளைகள் ஐந்து பேரிடம் ஆய்வாளர்கள் வாடிக்கையாளராகப் போய்ப் பேரம் பேசிக் கணக்குக் கேட்டார்கள். 98 விழுக்காடு சரியான விடை வந்தது. பிறகு அதே மாதிரிக் கணக்குகளைப் பள்ளியில் போல எண்களாக மட்டும் கொடுத்தபோது சரியானது 37 விழுக்காடுதான். ஐந்தே பேரிடம் செய்த சிறிய ஆய்வுதான், ஆனாலும் உலகம் முழுவதும் கணித ஆசிரியர்களை யோசிக்க வைத்தது. கணக்குத் தெரியாத பிள்ளை என்று நாம் முத்திரை குத்துவது பல சமயம் பள்ளி கேட்கும் விதத்துக்குப் பழகாத பிள்ளையைத்தான்.

உங்களுக்கு இதில் அதிகாரம் இருக்கிறது. 2021இல் ஆறாம் ஆண்டுப் பொதுத்தேர்வான யுபிஎஸ்ஆர் நீக்கப்பட்டபின் வகுப்பறை மதிப்பீட்டுக்கு எடை கூடிவிட்டது. அந்த மதிப்பீட்டில் எழுத்தோடு வாய்மொழியையும் உற்றுநோக்கலையும் ஆதாரமாகக் கொள்ளலாம், ஆசிரியரின் தொழில்முறைத் தீர்ப்புக்கு இடம் உண்டு. ஒரு நாள் பணம் தொடர்பான கணக்குகளை அவனிடம் வாயால் கேளுங்கள். அவன் எப்படிப் போட்டான் என்பதைத் தேதியோடு குறித்து வையுங்கள். டிபி 2 அவனுக்குச் சரிதானா என்று மறுபடி பாருங்கள். கையில் குறிப்பு இருந்தால் தலைமையாசிரியர் கேட்டாலும் விளக்க முடியும்.

ஆனால் இங்கே ஓர் ஆபத்து இருக்கிறது, கனிவுள்ள ஆசிரியர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். 'கடையில் கெட்டிக்காரன், பிழைத்துக்கொள்வான்' என்று ஆறுதல் அடைந்துவிடாதீர்கள். அந்தப் பழைய தோட்டப் பள்ளியின் கணக்கும் அதுதான். அவன் வாசிக்கத்தான் வேண்டும். பிரச்சினைக் கணக்கை வாசிக்கத் தெரியாமல் ஆண்டிறுதித் தாளில் அவனால் ஒன்றும் செய்ய முடியாது, படிவம் ஒன்றில் எல்லாப் பாடமும் அப்படித்தான். முதலில் கண்ணும் காதும் சோதிக்கப்பட்டனவா என்று பாட்டியிடம் கேளுங்கள். குறைநீக்கல் ஆசிரியரோடு உட்கார்ந்து எந்த எழுத்தில், எந்தச் சேர்க்கையில் தடுக்கிறான் என்று பாருங்கள். பல மாதம் முயன்றும் நகரவில்லை என்றால், பாதுகாவலர் சம்மதத்தோடு அரசு மருத்துவரிடம் அனுப்பலாம். டிஸ்லெக்சியா (வாசிப்புக் குறைபாடு) என்று நீங்களே பெயர் வைத்துவிட வேண்டாம், அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மகளின் பள்ளி

கடிதத்தில் இதற்கு ஐந்தே வரி. ஆனால் உங்களை எழுதவிடாமல் பிடித்து வைத்திருப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பது பெற்றோர் இருவரும் எடுக்க வேண்டிய முடிவு. தமிழ்ப்பள்ளி ஆசிரியர் தம் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில்தான் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஊரில் பேசுவார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் யாராவது முகத்துக்கு நேரே கேட்கவும் செய்வார்கள், குத்தும். அந்தப் பேச்சுக்குப் பயந்து மகளைச் சேர்க்காதீர்கள். ஆறு வயதுப் பிள்ளையை உங்கள் கொள்கைக்குச் சாட்சியாக நிறுத்துவது நியாயமில்லை.

'வீடு வேறு, வேலை வேறு' என்று கதவைச் சாத்திவிடவும் நான் சொல்லமாட்டேன். உங்கள் தயக்கத்துக்குக் காரணங்கள் இருக்கின்றன. ஓர் இரவு கணவரோடு உட்கார்ந்து, இந்தப் பள்ளியில் மகளுக்கு என்னென்ன கிடைக்காது என்று பயப்படுகிறீர்களோ அதையெல்லாம் எழுதுங்கள். வகுப்பில் பத்துப் பிள்ளைகள்தான், பழக ஆள் இல்லை. மலாய் பேசிப் பழகாமல் இடைநிலைப்பள்ளியில் தடுமாறுவாள். நூலகத்தில் புதுப் புத்தகம் இல்லை. எதுவானாலும் எழுதுங்கள். அப்புறம் மகளின் பெயரை எடுத்துவிட்டு அந்தப் பட்டியலை இன்னொரு முறை வாசியுங்கள். உங்கள் மகளுக்குப் போதாதது அந்த அறுபது பிள்ளைகளுக்கும் போதாதுதானே, டீச்சர்? அவர்களுடைய பெற்றோரில் பலருக்கு டவுன் பள்ளியை யோசிக்கவே வசதி இருக்காது.

இதை உங்களைக் குற்றவாளியாக்கச் சொல்லவில்லை. உங்கள் தத்துவத்தில் இல்லாத பக்கம் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். பட்டியலில் சிலவற்றை உங்களால் மாற்ற முடியாது. பிள்ளைகள் 150 பேருக்குக் கீழே உள்ள குறைந்த மாணவர் பள்ளி ஒரே ஆண்டில் பெரிதாகிவிடாது. சிலவற்றை மாற்றலாம். வாரத்தில் இரண்டு வேளை மலாயில் மட்டுமே பேசி நடத்தும் ஒரு விளையாட்டுப் பாடம், பக்கத்துத் தேசியப் பள்ளியோடு சேர்ந்து புறப்பாட நடவடிக்கை, மேலாளர் வாரியத்திடம் கேட்டு நூலகத்துக்கு ஓர் அலமாரிப் புத்தகம். இவை உங்கள் கைக்கு எட்டும் காரியங்கள்.

முடிவைப் பற்றி என் கருத்து: டவுன் பள்ளியை ஒரு வேலை நாளில் நேரில் போய்ப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். நம் ஆட்கள் பலர் ஊர்ப்பேச்சைக் கேட்டே பள்ளியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெரிய வகுப்பில் உங்கள் மகள் ஒரு வாரம் வாயே திறக்காவிட்டால் யாருக்குத் தெரியும்? மாண்டரின் வீட்டுப்பாடத்தை வீட்டில் யார் பார்ப்பது? தமிழ் எழுதப் படிக்க யார், எந்த நேரத்தில் சொல்லிக்கொடுப்பது? தேசியப் பள்ளியையும் ஒரு வழியாக யோசிக்கிறீர்கள் என்றால், குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கேட்டால் அங்கே தமிழ் வகுப்பு நடத்த 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் வழி உண்டு. எல்லாம் பார்த்த பிறகும் சீனப்பள்ளி என்றே முடிவானால், அதை உங்கள் தலைமையாசிரியரிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்து, பிறகு மற்றவர் வாயிலிருந்து வந்தால்தான் வகுப்பில் நிற்கவே கூச்சமாக இருக்கும்.

எழுதத் தொடங்கும்போது

இரண்டு வாரம் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரே ஒரு முடிவை இரண்டு வரியில் எழுதினால் போதும்: இன்று எதை விட்டேன், யாருக்காக, ஏன். பத்துக் குறிப்புகள் சேர்ந்ததும் படித்துப் பாருங்கள். ஒரே காரணம் நாலைந்து இடத்தில் தலைகாட்டும். அதை ஒரு வாக்கியமாக எழுதி, அதன் கீழே வகுப்பில் நடந்த ஒரு சம்பவத்தை வையுங்கள். இரண்டு அல்லது மூன்று நம்பிக்கை போதும். ஒவ்வொன்றுக்கும் கடைசியில் ஒரு கேள்வி: இந்த நம்பிக்கையால் என் வகுப்பில் யார் விடுபட்டுப் போகிறார்கள்? வாயை மட்டும் அசைக்கும் பிள்ளை, வாசிக்காத பையன், மலாய் பேச வாய்ப்புக் கிடைக்காத அறுபது பேர் எல்லாரும் அங்கே வருவார்கள். செய்யாததை 'இன்னும் செய்யவில்லை' என்றே எழுதுங்கள். மேலே தேதி போடுங்கள். அடுத்த ஆண்டு பாதி மாறியிருந்தால் அதற்காக வருத்தப்பட வேண்டாம்.

முகநூல் விஷயம். விரிவுரையாளருக்குக் கொடுக்கும் இடுபணியில் பள்ளியின் குறைகளை மரியாதையான மொழியில் ஆராய்வது படிப்பின் பகுதி. முகநூல் பொதுவெளி. நீங்கள் அரசு ஊழியர் என்பதால் 1993ஆம் ஆண்டு அரசு அதிகாரிகளின் நடத்தை, கட்டொழுங்கு விதிகள் உங்களுக்குப் பொருந்தும். அரசின் கொள்கைக்கோ திட்டத்துக்கோ முடிவுக்கோ பாதகமாகப் பொதுவில் எழுதுவதையும் பேசுவதையும் அவை தடுக்கின்றன. திங்கட்கிழமைப் பத்து நிமிடத்தைப் பற்றியும் வாய்பாட்டைப் பற்றியும் தாராளமாக எழுதுங்கள், மற்ற ஆசிரியர்களுக்கும் உதவும். கொள்கை பற்றிய பகுதியையும் மகளின் பள்ளி பற்றியதையும் இடுபணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாசி லெமாக் கடைப் பையனை எந்த வடிவத்திலும் முகநூலில் போட வேண்டாம். பெயரை மாற்றினாலும் உங்கள் ஊரில் எல்லாருக்கும் அவன் யாரென்று தெரிந்துவிடும், மறுநாள் அவன் கடையில் நிற்க வேண்டும்.